சரிபார்த்ததற்கு ஒரு குறி

"பூனைக்குச் சாப்பாடு வச்சாச்சு வச்சாச்சுன்னு எல்லாரும் சொல்றீங்களே, யாரு வச்சா?"

ஒரு மாலை வீட்டில் மகள் கேட்ட கேள்வி இது. அம்மா வைத்திருப்பாள் என்று அப்பா நினைத்திருந்தார். அப்பா வைத்திருப்பார் என்று அம்மா நினைத்திருந்தாள். பூனை காலித் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்று வீடே சிரித்தது. பூனை மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அப்பா கெர்னல் புரோகிராமர்; கணினியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை நிரலை எழுதுபவர். கணினி வட்டில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் குறிப்புகளைப் படித்துக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற நிரல் அவர் பொறுப்பு. வட்டிலிருந்து குறிப்பை எடுக்கும்போதே அதைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்க வேண்டும். கெட்டிருந்தால் டிரைவர் கூச்சல் போட வேண்டும். நல்லதாக இருந்தால் நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வைத்துக்கொண்டு, மறுமுறை அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.

ஒரு மருத்துவமனையில் டிரைவர் கூச்சல் போடவில்லை. கெட்டுப்போன குறிப்பை நல்லது என்று நீட்டிவிட்டது. ஒருவருடைய எக்ஸ்ரே இன்னொருவர் பெயரில் வந்து நின்றது. கடவுள் புண்ணியத்தில் ஒரு நர்ஸ் கவனித்துவிட்டார்.

பழி, சோதனைப் பிரிவுப் பெண்ணின் தலையில் விழுந்தது. கெட்ட குறிப்பைக் கொடுத்துப் பார்த்தேன், டிரைவர் பிடித்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். எதையும் தப்பவிடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

"சல்லடையில பொத்தல் பெருசாயிடுச்சு போல," என்றார் மேலாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற காரணம் கிடைக்கலைன்னா அவ வேலை போயிடும். அதுவரைக்கும் வீட்டுல இருக்கட்டும்."

"சோதிக்காம அவ கையெழுத்துப் போட மாட்டா சார்."

"அப்ப தப்பு டிரைவர்லயா? அது உங்க தலை, பார்த்துக்குங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அரக்கப்பரக்க வந்து உட்கார்ந்தார். அவர் மேசையிலிருந்த சோதனைக் கணினி திணறிக்கொண்டு கிடந்தது. இரவெல்லாம் வட்டு முழுவதையும் படித்துக் களைத்த கணினி அது. ஆனால் தினமும் அவர் வரும்போது அப்போதுதான் குளித்து வந்ததுபோல் பளிச்சென்று இருக்குமே! இரவு வேலை முடிந்ததும் அது தானாகவே அணைந்து எழுந்துகொள்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது இரவு நிரலைத் திறந்து தேடினார். அப்படி ஒரு வரியே இல்லை.

யாரு வச்சா?

இன்று அலுவலகத்தில் இல்லாதவள் சல்லடை மட்டும்தான்; போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, காலையில என் மெஷினை ரீஸ்டார்ட் பண்றது நீயா?"

"ஆமாண்ணா. ஏன், ஏதாவது கெட்டுப்போச்சா?" குரல் பதறியது.

"இல்லம்மா, சும்மா கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பாப்பாவை விட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க. வந்ததும் அதோட மல்லுக்கட்டணுமேன்னு அமுக்கி விடுவேன். ஒரு பட்டனுக்கு ஊரைக் கூட்டணுமாண்ணா?"

போனை வைத்தவர் பட்டனிடம் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. அவள் தினமும் அணைத்து எழுப்பியதால் நினைவகம் காலியாகிவிடும். இதே கணினியில் அவள் ஓட்டிய சோதனை எப்போதும் வட்டிலிருந்து புதிதாகத்தான் படித்திருக்கிறது. மருத்துவமனைக் கணினியை யார் தினமும் அணைக்கப் போகிறார்கள்?

'பார்க்க வேண்டியதைப் பார்க்க வை, சாமி' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, அணைக்காமலே அவளுடைய சோதனையை ஓட்டினார். டிரைவர் கெட்ட குறிப்பை வாய் திறக்காமல் நீட்டியது. பிறகு அணைத்து எழுப்பி மறுபடி ஓட்டினார். வீல் என்று கத்தியது.

அதன் பிறகு காரணம் பிடிபட அதிக நேரமாகவில்லை. வட்டை வரிசையாகப் படிக்கும்போது, அடுத்து வேண்டியிருக்கும் என்று சில துண்டுகளை முன்கூட்டியே அள்ளி வந்து வைக்கும் பகுதி ஒன்று உண்டு. அள்ளியது இன்னதென்று அதற்குத் தெரியாது; கேட்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும். கேட்க வந்த பகுதியோ, நினைவகத்தில் இருக்கிறதே, வைத்தவர் பார்த்திருப்பார் என்று எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டும் தம்மளவில் ஒழுங்கானவைதான்.

மேலாளரிடம் இரண்டு ஓட்டங்களையும் காட்டினார். "தப்பு டிரைவர்லதான் சார். என் தலைதான்."

மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தப் பொண்ணு பண்ணின உபகாரம்தான் இதை மூடி வச்சிருக்குன்னு சொல்லுங்க."

"உபகாரத்து மேல பழி போடாதீங்க சார். அவ போட்ட கையெழுத்துல பொய் இல்லை. என் மெஷின் எப்படி எழுந்திருக்குதுன்னு நான் ஒரு நாளாவது பார்த்திருக்கணும்."

"சரி சரி, நானே போன் பண்ணி வரச் சொல்றேன்," என்றார் மேலாளர், கொஞ்சம் சங்கடத்தோடு.

திருத்தம் சில வரிகள்தான். சரிபார்த்த பஃபருக்கு ஒரு குறி; நினைவகத்திலேயே கிடைத்தாலும் குறி இல்லையென்றால், கொடுக்கும் முன் சரிபார்.

திங்கட்கிழமை அவள் திரும்பி வருவதாக இருந்தது. அன்று மகளைப் பள்ளியில் விடும் வேலையை மனைவியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு, அவர் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் வந்து சேர்ந்தார். விளக்குகூடப் போடவில்லை. அவளுடைய மேசையிலிருந்தது ஒரு கிழட்டுக் கணினி. எழுந்து உட்காரவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். சில நாள் தூசு திரையில் படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். நாற்காலியை நேராக்கினார். பட்டனை அமுக்கி, அது உறுமி எழும்பி, கடவுச்சொல் கேட்கும்வரை பக்கத்திலேயே நின்று கண்ணால் பார்த்தார்.

பிறகு தன் இடத்துக்குப் போய், தன் கணினியின் பட்டனையும் தானே அமுக்கினார்.