குழாய்ச் சாவிக்கு மூன்று தேர்தல்

ராயபுரத்தில் அந்த லைனில் இருபத்து மூன்று வீடு, ஒரே குழாய். தண்ணீர் காலை ஐந்து மணிக்கு வரும், ஆறரைக்கு நின்றுவிடும். குழாயைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு. அதன் சாவி மீன்காரி கெங்கம்மாவின் முந்தானையில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் எப்போதோ கொடுத்தது. வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகியும் சாவி மட்டும் கைமாறவில்லை.

யார் குடம் முதலில், யார் குடம் கடைசியில் என்று சொல்வது சாவிக்காரி. வாசலில் மீன்கூடை கழுவக் கூடாது என்று துறைமுகத்துக் குமாஸ்தா லோகநாதன் ஒருநாள் சட்டம் பேசினான். அன்றிலிருந்து அவன் வீட்டுக் குடம் இருபத்து மூன்றாவது. தண்ணீர் வந்து, குளித்து, சோறு கட்டிக்கொண்டு ஓடினால் ஏழு மணிக்குத் துறைமுகக் கேட்டை மூடிவிடுவார்கள். இரண்டு தடவை அப்படி ஆயிற்று. இன்னொரு தடவை பிந்தினால் பெயரை அடித்துவிடுவேன் என்று பெரிய குமாஸ்தா சொல்லிவிட்டார்.

அந்த ஜனவரியில்தான் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்து முடிந்திருந்தது. லோகநாதன் மூன்று நாள் ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்து ஜனங்களின் விரலில் மை வைத்தவன். நாட்டையே தான்தான் மாற்றிக் கொடுத்ததாக அவனுக்கு நினைப்பு. சாவிக்கும் தேர்தல் வேண்டும் என்றான். வீட்டுச் சொந்தக்காரர் சரி என்றார். கெங்கம்மாவும் சரி என்றாள். எதிர்த்து நிற்கத் தன் மனைவி ராஜாத்தி பெயரையும், தினமும் பூசைக்குப் போகிற சாது வியாகுலம்மாள் பெயரையும் அவனே எழுதினான்.

முதல் தேர்தலில் காகிதச் செலவு இல்லை. மூன்று பேரும் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். பிடித்தவர் பின்னால் வீட்டுக்கு ஒரு குடம் வைக்க வேண்டும். எல்லாரும் கெங்கம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் வைத்தார்கள். வரிசை நீண்டது. குடம் வைத்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? குட்டை வரிசையைக் கண்டால் அங்கே மாற்றுவதுதானே வழக்கம். ராஜாத்தி பின்னால் பத்துக் குடம் ஓடி வந்தது. அது நீண்டதும் வியாகுலம்மாள் பின்னால் போயிற்று. லோகநாதன் எண்ணி முடிப்பதற்குள் ஒரு குடம்கூட இருந்த இடத்தில் இல்லை.

"இது ஜனநாயகம் இல்ல. ரகசிய ஓட்டுதான் ஓட்டு" என்றான்.

மறுவாரம் மூன்று பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து புடவைத் திரைக்குப் பின்னால் வைத்தான். கெங்கம்மாவுக்கு மீன், ராஜாத்திக்கு விளக்கு, வியாகுலம்மாளுக்கு மணி என்று படமும் ஒட்டினான். வீட்டுக்கு ஒரு சீட்டு, போட்ட ஓட்டை மாற்ற முடியாது என்று விதியும் போட்டான். எண்ணினால் கெங்கம்மாவுக்குப் பத்து, ராஜாத்திக்கு எட்டு, வியாகுலம்மாளுக்கு ஐந்து.

"பதிமூணு வூடு உன்ன வேணாங்குது. நீ எப்புடி ஜெயிச்ச?"

"அந்தப் பெரிய எலெக்சன்ல மட்டும் இன்னா நைனா? நெறைய வாங்குனவன்தானே ஜெயிச்சான்? அங்க சரி, இங்க தப்பா?"

நியாயமான கேள்வி. அதனாலேயே அவனுக்குக் கோபம் வந்தது. வேறு தேசங்களில் இன்னொரு முறை உண்டு என்று ஓட்டுச்சாவடி அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் யார், அடுத்து யார் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கடைசியில் நிற்பவரைத் தள்ளிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை மற்றவர்களோடு சேர்க்க வேண்டும். வியாகுலம்மாளின் ஐந்தும் தன் வீட்டுக்குத்தான் வரும் என்று லோகநாதன் கணக்குப் போட்டான்.

பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடுவது குழாயடியில் மட்டும்தான். அதனால் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குத் தேர்தல். முடிவு தெரியும்வரை சாவிக்கு யாரும் சொந்தமில்லை என்று கூண்டைப் பூட்டச் சொல்லிவிட்டான். எழுதத் தெரியாதவர்கள் என்பதால் ஒவ்வொருத்தியாகச் சந்துக்குள் வந்து அவன் காதில் சொல்ல வேண்டும். ஒருத்தி யோசித்தாள், ஒருத்தி இரண்டாவது எதற்கு என்று சண்டை பிடித்தாள், ஒருத்தி மூன்று பேரும் நல்லவர்கள் என்று அழுதாள். இருபத்திரண்டு வீடு முடிந்தபோது கெங்கம்மா ஒன்பது, ராஜாத்தி எட்டு, வியாகுலம்மாள் ஐந்து. ஐந்தில் மூன்று ராஜாத்திக்கு, இரண்டு கெங்கம்மாவுக்கு. கூட்டினால் பதினொன்றுக்குப் பதினொன்று.

கடைசி ஓட்டு ராஜாத்தி. அவன் சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்தான்.

"மொதல்ல கெங்கம்மா. அப்பால வியாகுலம்மா."

போன தேர்தலில் மீன் படம் ஒட்டிய டின்னில் பத்தாவது சீட்டு போட்டது யார் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று.

"பைத்தியமா ஒனக்கு?"

"நாலு மணிக்கே எழுந்து நின்னு இருபத்திரண்டு வூட்டு ஏச்சும் நான் வாங்கணுமா? மூணு எலெக்சன் வச்சியே, நிக்கிறியாடின்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் கெஞ்சினான், மிரட்டினான். ஓட்டை மாற்ற முடியாது என்று போன வாரம் அவன் போட்ட விதியையே அவள் திருப்பிச் சொன்னாள். வெளியே வந்து முடிவைச் சொல்லும்போது மணி ஆறரை. கெங்கம்மா கூண்டைத் திறந்தாள். குழாய் இருமுறை செருமியது, பிறகு காற்றுதான் வந்தது. இருபத்து மூன்று வீட்டாரும் அவனைத் திட்டினார்கள். தப்பித்துக் குளிக்காமல் ஓடினான். கேட் மூடியிருந்தது.

பத்து மணிக்கு அவன் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தான். மனசு விட்டுப்போயிருந்தது. வேலை போன விஷயம் லைன் முழுக்கப் பரவியது. சாயங்காலம் கெங்கம்மா வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"காலையில எனக்கு மீன் ஏலத்துக்கு நேரமாவுது. இனிமே வூட்டோட கெடக்கிறது நீதான். இந்தா நைனா, நீயே வச்சிக்கோ."

குடமும் டின்னும் இல்லாமல் இருபத்து மூன்று வீடும் ஒரே வாயாகச் சரி என்றது. ராஜாத்தியின் குரல்தான் முதலில் கேட்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு லோகநாதன் கூண்டைத் திறந்தான். வரிசையில் முதல் குடம் அவனுடையது. ஐந்தரைக்கே குளித்து முடித்து, வெள்ளைச் சட்டையைக்கூடப் போட்டுவிட்டான். துறைமுகத்தில் ஏழு மணிச் சங்கு ஊதியபோது ராஜாத்தி அவனை நாளைய வரிசைக்குக் காலிக் குடங்களை அடுக்கச் சொன்னாள்.