வண்டி நிற்கட்டும்

கழிப்பறைக் கதவை அவள் ஓங்கித் தட்டினாள். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருக்கிறது, வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள், இவள் பாட்டுக்குக் கதவை உடைக்கிறாள். யார் என்ன நினைத்தால் என்ன?

"டேய் தம்பி, திற."

"வர்றேன்க்கா. தூக்கமில்ல, அதான் வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"காலைலேருந்து எத்தனை தடவைடா?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கதவு திறந்ததும் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தாள். அவசரத்தில் கழுவியதில் கோப்பை விளிம்பில் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. குடலில் ஆறாத அழற்சி. அண்ணனும் தம்பியும் பஸ் ஓட்டுகிறவர்கள். நடுவழியில் வயிறு கலக்கினால் வண்டி நிறைய ஆட்களை உட்காரவைத்துவிட்டு எங்கே ஓடுவது? அதற்கு டிப்போவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் எதையும் சாப்பிடாமல், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது. அண்ணன் வருஷக்கணக்கில் அப்படி ஓட்டினான். போக்கு நின்றது, அழற்சி நிற்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை, "இப்பதான் ஒண்ணும் இல்லையே" என்று விட்டுவிட்டான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோதெல்லாம் ட்யூட்டி என்றான். கடைசியில் பார்த்தபோது புற்று ஈரல்வரை போயிருந்தது.

"எப்பலேருந்துடா உனக்கு?"

"சும்மா இருக்கா, ஆளுங்க இருக்காங்க. மாத்திரை போட்டா நின்னுடும்."

"நின்னுடுமா? அதோ ஒருத்தன் போட்டுப் போட்டுப் படுத்திருக்கான், போய்ப் பாரு!"

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். டிப்போ சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "லீவே கேக்காத மனுஷன்மா உங்கண்ணன். எல்லாம் தலையெழுத்து."

"தலையெழுத்தாம், தலையெழுத்து! கேட்டிருந்தா குடுத்துக் கிழிச்சிருப்பீங்க!"

தம்பியைத் தரதரவென்று சமையலறைக்குள் இழுத்துப்போனாள். அவள் வேலை ஆய்வுக்கூடத்தில். அழற்சி கண்ட செல்லுக்குள் ஒரு புரதம் என்ன கூத்தடிக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பிழைப்பு.

"கேளுடா. உடம்புல புண்ணு வந்தா செல்லுக்குள்ள ஒரு காவக்காரன், நான் பாக்குற அந்தப் புரதம்தான், நடு அறைக்குள்ள ஓடிப்போய் மணியடிப்பான். 'சாகாதீங்க, பெருகுங்க, சீக்கிரம் சரிபண்ணுங்க'ன்னு. வேலை முடிஞ்சா அவன் வெளிய வந்துடணும். புண்ணு ஆறலைன்னா வரமாட்டான், அடிச்சுக்கிட்டே இருப்பான். கெட்டுப்போய்ச் சாக வேண்டிய செல்லும் அந்தச் சத்தத்துல சாகாது, பெருகும். அண்ணனுக்கு அதான் ஆச்சு. உன் மாத்திரை மணிய நிறுத்தாதுடா மடையா. உன் காதைத்தான் பொத்தும்."

"அப்ப எனக்கும் வந்துடுச்சா?"

"பாத்தாதான் தெரியும். அழற்சிய அடக்க மருந்து இருக்கு, வராமத் தடுக்கலாம். ஒளிச்சு வெச்சா எவன்டா குடுப்பான்?"

"வெளிய தெரிஞ்சா வண்டி குடுக்க மாட்டாங்கக்கா. டிப்போ பசங்களும் கிண்டல் பண்ணி ஓட்டித் தள்ளிடுவாங்க."

"ஓட்டட்டும்! உன்னையும் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பில்லடா." குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

அமரர் ஊர்தி வந்துவிட்டது. தம்பி போய் அண்ணனின் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்துக்கொண்டே அவளும் ஏறினாள். டிப்போ ஆட்கள் எதிர்ப்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பாலம் தாண்டியதும் தம்பியின் முகம் வெளிறியது. நெற்றி வியர்த்தது. கை சட்டைப்பைக்குள் போனது. மாத்திரை அட்டை அங்கேதான் இருக்கும். போடு, போட்டுக்கொண்டு நீயும் போய்ச் சேர் என்று பல்லைக் கடித்தபடி பார்த்தாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

"டிரைவரண்ணே, ஓரங்கட்டுங்க," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கும் அண்ணன் வியாதிதான். ரத்தமாப் போகுது. அடக்க முடியல."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் காலை ஒடுக்கி வழிவிட்டார். ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வண்டி நின்றது. அவன் குதித்து ஓடினான்.

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவள் எழுந்து ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"இருய்யா! என்ன குடியா முழுகிப்போவுது!"

டிரைவர் எஞ்சினை அணைத்தார். வண்டி நின்ற குலுக்கலில் அண்ணன்மேல் போர்த்திய துணி நழுவியிருந்தது. அவள் உட்கார்ந்து அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.