இடமிருந்து இரண்டாவது

மூன்று வாரம் கெஞ்சித்தான் கார்த்திகனைச் சம்மதிக்க வைத்தேன். விவாகரத்து ஆன புருஷனிடம் கெஞ்சுவதைப் போல் கேவலம் வேறில்லை. ஆனால் ஆறு வயது அதிரா அவனோடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் இருக்கிறாள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவளிடம் பிள்ளை எப்படி வளரும் என்று எல்லோரும் கேட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் அவள் எனக்கு.

போன மாதம் ஃபோனில் கேட்டாள். "அம்மா, நீ வேலைக்குன்னு நெஜமா எங்க போற?"

அந்த 'நெஜமா' என்னைத் தூங்க விடவில்லை. யாரோ பிள்ளையின் காதில் எதையோ ஓதியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை, நான் வேலை செய்வதை அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

பாயான் லெப்பாஸில் எங்கள் சிப் தொழிற்சாலைக்கு வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டி வரலாம். அதற்குத்தான் கார்த்திகனிடம் அத்தனை கெஞ்சல். உள்ளே விடமாட்டார்கள், தூசி ஆகாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். நாங்களோ தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வாயில் மாஸ்க், கண் மட்டும்தான் தெரியும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் முதல் நாளே சொல்லி வைத்தேன். "ஆறு மெஷின் வரிசையா இருக்கும். லெஃப்ட்லருந்து ரெண்டாவது, அதான் அம்மா. எண்ணிப் பாரு."

பத்தரைக்குக் கார்த்திகனும் அவளும் வந்தார்கள். அதிரா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினாள். என் வலது பக்கக் கடைசியிலிருந்து எண்ணினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இடது பக்கம், எதிரே நிற்கிறவளுக்கு வலது பக்கம். பத்து வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

விரல் அந்தக் கோடியிலிருந்து இரண்டாவது மெஷினில் இருந்த ஷரீஃபாவிடம் போய் நின்றது. அதிரா குதித்துக் குதித்துக் கையாட்டினாள். ஷரீஃபா நல்லவள். யார் பெற்ற பிள்ளையோ என்று இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டினாள். நானும் கையைத் தூக்கினேன். அதிரா என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே ஓடக்கூடாது, கத்தினாலும் வெளியே கேட்காது. ஐந்து நிமிஷத்தில் அடுத்த கூட்டத்துக்கு இடம்விடச் சொல்லிவிட்டார்கள்.

கேன்டீனில் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"நீ எனக்கு இப்பிடி இப்பிடி காட்டினல்ல?" என்று விரல்களை மூடித் திறந்தாள். "அப்பாக்கு ஆளே தெரியல. நான் எண்ணவே இல்லம்மா. கண்ணப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்."

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்து மேசையில் ஷரீஃபா மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதிரா அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாடா, அம்மாதான்," என்றேன்.

"பிரிட்ஜ்ல ஜாம் ஆயிடும் லா, கெளம்பலாம்," என்றான் கார்த்திகன்.

வாசல்வரை போனேன். நகரும் காரின் பின் கண்ணாடியில் அதிரா இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்தாள். பதிலுக்கு நானும் கையைத் தூக்கினேன். ஷரீஃபா செய்தது போலவே இருக்க வேண்டும் என்று, பார்த்துப் பார்த்து மூடித் திறந்தேன்.