பாறைக்குள் தட்டுகிறவன்

ஜேபஸுக்குக் கை நிலைகொள்ளவில்லை. சம்மட்டியை எடுப்பான், வைப்பான், மறுபடி எடுப்பான். காலையில் சரிந்த பாறைக் குவியலுக்கு அந்தப்பக்கம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டொக், டொக். அவன் தங்கை புருஷன் ஹெட்லி அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோண்டலாம் வாங்கடா,” என்றான் ஜேபஸ்.

ஒருவனும் அசையவில்லை. எல்லாரும் இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கத்திலேயே வளர்ந்தவர்கள். பாறைக்குள் குடியிருக்கும் முழ உயரக் குள்ளர்கள் தட்டினால் அந்த இடத்தில் கடப்பாரை படக்கூடாது. மீறினால் மலையே தலையில் இறங்கும் என்று நம்புகிறவர்கள்.

“அது ஹெட்லி இல்லப்பா, குள்ளனுங்க,” என்றார் மூத்த ஆள் ட்ரெகேர். “மனுசன் இவ்வளவு நிதானமாவா தட்டுவான்? அவன்னா கத்த மாட்டானா?”

“கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும்ணே.”

“போன வருசமும் இப்படித்தான் தோண்டினோம். ரெண்டு பேரை அள்ளிட்டுப் போனோம். மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதில் ஒருவனுக்குக் குழி வெட்டியவனே ஜேபஸ்தான். ஆனால் ஒற்றை ஆளாகத் தோண்டினால் பாதி நகர்வதற்குள் உள்ளே காற்று தீர்ந்துவிடும். மேலே கல்லுடைக்கும் கொட்டகையில் தங்கை டாம்சின் நிற்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது, குள்ளனுக்குப் பயந்து வந்துவிட்டோம் என்றா?

சம்மட்டியால் பாறையில் நான்கு அடி போட்டான். நான்கு அடி திரும்பி வந்தது.

“கேட்டீங்களா!”

“குள்ளனுங்களும் அப்படியே திருப்பித் தட்டுவானுங்க. கேலி பண்றதுல கெட்டிக்காரனுங்க.”

ஜேபஸ் இரண்டு விரலை வாயில் வைத்தான்.

“டேய், வேணாம்டா!” ட்ரெகேர் பாய்ந்து கையைப் பிடித்தார். சுரங்கத்துக்குள் விசிலடித்தவனை அடித்தே விரட்டுவார்கள். குள்ளர்களுக்கு ஆகாத சத்தம் அது. கேட்டதும் ஓடிவிடுவார்கள், பிறகு பழிவாங்க வருவார்கள்.

“ஓடினா குள்ளன். ஓடலைன்னா என் மச்சான்.” கையை உதறிவிட்டு விசிலடித்தான்.

தட்டுவது சட்டென்று நின்றது.

இரண்டு பேர் ஏணிக்கு ஓடினார்கள். ஜேபஸ் குவியலில் காதை அழுத்தினான். தண்ணீர் சொட்டியது. வேறொன்றுமில்லை.

அதுவரை இவர்கள் போட்ட கூச்சலில் கேட்காத ஈனக் குரலொன்று கல்லிடுக்கு வழியே கரகரத்து வந்தது: “எவன்டா அவன், உள்ள விசிலடிக்கிறது? அறிவிருக்கா? குள்ளனுங்க காதுல விழுந்தா என் கதி என்னாவுறது?”

“அவனேதான்,” என்று ட்ரெகேர் கடப்பாரையை எடுத்தார். “வாயைப் பாரு.”

ஜேபஸ் வெறுங்கையால் கல்லை இழுக்கத் தொடங்கியிருந்தான். உள்ளே வசவு நிற்கிற ஒவ்வொரு முறையும் அவன் கை நின்றது. மறுபடி வசவு கேட்ட பிறகே அடுத்த கல்லுக்குப் போனது.