கையை வைக்கக் கூடாது

மச்சானுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. பள்ளி திறப்பதற்குள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போக வேண்டும். அவர் வீட்டில்தான் என் மகள் இருக்கிறாள், அவள் அம்மா தவறிப்போனதிலிருந்து. மச்சான் என் மனைவியின் அண்ணன். புது ஊரில் தன் பையனோடு என் மகளுக்கும் சேர்த்து ஒரு பள்ளியில் இடம் சொல்லி வைத்திருந்தார். இந்த வாரத்துக்குள் அதை உறுதி செய்ய வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

“கூட்டிட்டுப் போறதா, உன்கிட்ட விடறதா? பட்டுனு சொல்லு மாப்ள. எனக்கு ரெண்டும் சம்மதம். உங்க அக்காவுக்குத்தான் ஒண்ணு சம்மதமில்ல.”

அக்கா என்றது தன் மனைவியை. எது சம்மதமில்லை என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

நான் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். இரவெல்லாம் வெளியே இருப்பவனிடம் ஐந்து வயதுப் பிள்ளையை விட முடியாது. பகல் வேலை வேண்டும். தேடியதில் எனக்கு ஒத்துவரும் என்று தோன்றியது ஒன்றுதான். அலுவலகங்களில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போனில் பேசிச் சரிசெய்கிற உதவி மையங்கள். பகல் ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் படி வேலைதான், ஆனால் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது தாவரவியல் பட்டம்.

“செடி கொடிக்குப் பேரு சொல்றவனுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன வேலை?” என்றார் மச்சான், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“அதோட பின்பக்கம் பாருங்க மச்சான். எல்லாம் கொடிதான்.”

அவர் சிரித்தார். நான் சொன்ன ஒன்றுக்கு யாராவது சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இரண்டு பயிற்சி நிலையங்களைக் குறித்து வைத்திருந்தேன். முதலாவது பெரிய சாலையில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறையக் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் சிரிக்கும் படங்கள். வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். ஒரு வருடப் படிப்பு, வேலைக்கு உத்தரவாதம், இரண்டு சான்றிதழ், ஒரு பை.

“பையுமா?” என்றார் மச்சான். அவர் அப்போதே விழுந்துவிட்டார்.

வகுப்பறையைக் காட்டச் சொன்னேன். வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள். மானிட்டர்களின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

“கெட்டுப்போனது எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“சார்?”

“ரிப்பேரான கம்ப்யூட்டர். பசங்க எதைச் சரிபண்ணிப் பழகுவாங்க?”

அந்தப் பெண் என்னைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். “எல்லாமே புதுசு சார். இங்க எதுவும் கெடாது.”

வெளியே வந்ததும் மச்சான் பிடித்துக்கொண்டார். “பொண்ணு பார்க்கப் போன எடத்துல எத்தனை பல்லு சொத்தைன்னு கேக்கற மாதிரி கேட்டுட்டு வர்ற. வேலைக்கு உத்தரவாதம் தர்றான், வேற என்னடா வேணும்?”

“ஒரு வருஷம் ஆகும் மச்சான். ஸ்கூல் நாலு மாசத்துல திறந்துடும். அதோட, கெடாத மெஷினை வெச்சுக்கிட்டு ரிப்பேரை எப்படிச் சொல்லித் தருவாங்க?”

“ஏசி நல்லா இருந்துது,” என்றார் அவர் வருத்தமாக.

இரண்டாவது நிலையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே. படிக்கட்டு குறுகல். பெயர்ப்பலகையில் பாதி விளக்குகள் எரியவில்லை. உள்ளே கிட்டத்தட்ட என் வயதில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். கொண்டையில் ஒரு பென்சில். அவர்தான் பயிற்சி நடத்துபவர். பல வருடம் ஒரு உதவி மையத்தில் போன் எடுத்தவராம்.

“ரிப்பேரா மேடம்?” என்றார் மச்சான்.

“இன்னும் இல்ல. இப்பத்தான் பண்றேன். தினமும் காலையிலயும் மத்தியானமும் நானே கெடுத்து வெச்சிடுவேன்.”

“கெடுக்கறதுக்குக் காசு வாங்கற ஆளை இப்பத்தான் நேர்ல பாக்கறேன்.”

“உங்க ஆபீஸ்ல யாரும் இல்லையா சார்?”

எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

படிப்பு மூன்று மாதம், காலை நேரம். கிடங்கு விட்டதும் நேராக வந்துவிடலாம், மதியம் தூங்கிக்கொள்ளலாம். வேலைக்கு உத்தரவாதம் தரமாட்டேன் என்று அவரே சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் கேட்பதைக் கற்றுக்கொடுப்பேன், மிச்சம் உங்கள் பாடு. சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை செய்து பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

இரண்டு சின்ன அறைகள், நடுவில் சுவர். ஒன்றில் அவர் கெடுத்து வைத்த கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் ஒரு போனும். மற்றதில் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியும் ஒரு போனும் மட்டும். மச்சானைக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு அனுப்பினார். என்னை வெறும் போன் இருந்த அறையில் உட்கார வைத்தார்.

போன் அடித்தது. “மாப்ள, இது வேலை செய்யல,” என்றார் மச்சான். சுவர் வழியாகவும் கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த எல்லாரும் செய்வதுதான். நாலு எட்டு வைத்தால் அடுத்த அறை, ஒரு நிமிட வேலை.

மேடம் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். “உக்காருங்க. போய்க் கையை வைக்கக் கூடாது. வாயால மட்டும்தான். அவரு வேற ஊர்ல இருக்காரு.”

உட்கார்ந்தேன். வேறு ஊர் என்ற சொல் கொஞ்ச நேரம் அறையிலேயே நின்றது.

“மச்சான், என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“கறுப்பாவா, நீலமாவா?”

“கறுப்பு. நடுவுல என்னமோ எழுதி அங்கயும் இங்கயும் ஓடுது.”

“படிங்க.”

“கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன் மாப்ள.”

“பரவாயில்ல, படிக்க வேண்டாம். டிவி மாதிரி இருக்குல்ல, அதோட முதுகுல இருந்து ஒரு தடி ஒயர் வரும். அதைக் கையால புடிச்சுக்கிட்டே போங்க. பெட்டியில எங்க போய்ச் சேருது?”

நாற்காலி உரசும் சத்தம். ஒரு முனகல். “மேல, நெட்டுக்குத்தா ஒரு ஓட்டையில.”

“கீழ வாங்க. அதே மாதிரி ஓட்டை, படுத்த வாக்குல இருக்கா?”

“இருக்கு.”

“புடுங்கி அதுல மாத்துங்க.”

“போக மாட்டேங்குது.”

“தலைகீழா புடிச்சிருப்பீங்க. திருப்புங்க.”

மறுபடி ஒரு முனகல். பிறகு சுவரே அதிர்ந்தது. “வந்துடுச்சு மாப்ள! வந்துடுச்சு!”

மேடம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை வைக்கவில்லை.

“இப்ப அதுல ஏதாவது வேலை செஞ்சு பாருங்க மச்சான். ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

என் மனைவி ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்த்தாள். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். அது நின்றுபோனால் அவர்களுடைய ஆளைக் கூப்பிடமாட்டாள், என்னைக் கூப்பிடுவாள். அது கெட்டுவிட்டது, இது போய்விட்டது என்பாள். நீ என்ன நினைக்கிறாய் என்று சொல்லாதே, என்ன தெரிகிறது என்று சொல் என்பேன். திட்டிக்கொண்டே சொல்லுவாள். சரியானதும் நான் போனை வைப்பதில்லை. அவள் வேலையைத் தொடங்கிவிடுவாள். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னுமா இருக்கிறாய் என்று கேட்டபின்தான் வைப்பேன்.

“பிரிண்ட் வரல,” என்றார் மச்சான். “இதுல ஏதோ சூது இருக்கு.”

“வலது பக்கம், கீழ் மூலையில என்ன தெரியுது?”

“பூமி உருண்டை மாதிரி ஒண்ணு.”

“அப்ப நெட்வொர்க் ஒயர் கழண்டிருக்கு. பெட்டிக்குப் பின்னாடி மறுபடியும் போங்க. டெலிபோன் ஒயரை விடக் கொஞ்சம் தடியா ஒண்ணு இருக்கும். ‘டிக்’குனு கேக்கற வரைக்கும் உள்ள அழுத்துங்க.”

“திருப்பித் திருப்பி முதுகுக்குப் பின்னாடியே அனுப்பறியேடா… டிக்குன்னுச்சு.”

சுவருக்கு அப்பால் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். “எப்பவும் ரெண்டு கோளாறு வைப்பேன். வர்றவங்க முதலாவது சரியானதும் போனை வெச்சிட்டு என் மூஞ்சியைப் பாப்பாங்க. எங்க கத்துக்கிட்டீங்க?”

“வீட்டுல.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. “ஆனா பேரும் நம்பரும் கேக்காம ஆரம்பிச்சிட்டீங்க. நடுவுல லைன் கட்டானா யாரைக் கூப்பிடுவீங்க? சொந்தக்காரங்க மட்டுமா போன் பண்ணுவாங்க?”

அது எனக்குத் தெரியாததுதான். மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. திங்கட்கிழமை காலை வருகிறேன் என்று சொன்னேன்.

மச்சான் முழங்காலில் தூசியோடு வந்தார், கையில் தான் அச்செடுத்த தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கினோம். மருந்துக்கடை வாசலில் நின்றார்.

“அப்ப அங்க ஸ்கூல்ல சொல்லி வெச்ச இடம்?”

“வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“வேலை கிடைக்கலைன்னா?”

“கிடைக்கும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடம் உன் ஒயரையும் மாத்திச் சொருகிட்டாங்க போல.” பிறகு போனை எடுத்து என் கையில் வைத்தார். “ஸ்கூல்ல நான் சொல்றேன். உங்க அக்காகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவா.”

மணி போனது. அக்கா எடுத்தார். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரங்கள்.

“அக்கா, நான்தான். படிக்கறதுக்கு இடம் பாத்துட்டேன். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிடும். பாப்பா என்கூடவே இருக்கட்டும்.”

பாத்திரச் சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மச்சான் கையால் வெட்டுவது போலச் சைகை காட்டினார். சொல்லியாயிற்று, வைத்துவிடு.

நான் வைக்கவில்லை. ஒரு பேருந்து போனது. மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, லைன்லதான் இருக்கேன்.”

குழாய் மூடப்பட்டது.

“தம்பி, உனக்கு ரெட்டைப் பின்னல் போடத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒத்தைப் பின்னல் போட்டா அவ ஒத்துக்க மாட்டா. வகிடு கோணலா இருந்தா வாசல் தாண்ட மாட்டா. யாரு போடுவா?”

“நான்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன், சொல்லித் தாங்க.”

“நான் பின்னறேன், பக்கத்துல நின்னு பாத்துக்கோ.”

“இல்லக்கா. நான் பின்னறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லணும். கையை வைக்கக் கூடாது. வாயால மட்டும்.”

“கையை வைக்காம எப்படிடா இருக்கறது?” மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது.”

குழாய் ஒருமுறை திறந்து மூடியது.

“முதல்ல சிக்கு எடுக்கணும்,” என்றார் அக்கா. “சீப்பை நுனியில இருந்து ஆரம்பி. மேல இருந்து இழுத்தா வலிக்கும், கத்துவா.”

“நுனியில இருந்து,” என்றேன். “அப்புறம்?”