சின்னவனுக்கு ஊசி

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஸ்டியரிங்கைத் தொடவே பயந்த எத்தனையோ பேரை நெரிசலில் ஓட்டவைத்தவருக்கு, ஊசியைக் கண்டால் மட்டும் உதறல். வீட்டு நாய்க்குச் சிறுநீரகம் கெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஊசி மனைவியின் கைக்குப் போனது. இவர் நாயைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிழடு தட்டிவிட்டாலும் அதற்குப் பெயர் சின்னவன்தான்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவ வலி எடுத்துவிட்டது. மனைவி அடித்துப்பிடித்துக் கிளம்பினாள்.

"இன்னைக்கு அவனுக்கு ஏத்தணும். நேத்துலேருந்து எதையும் தொடல. விட்டுடாதீங்க."

"நானா?"

"பின்ன, அவனே போட்டுக்குவானா?"

சலைன் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். சின்னவன் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுருண்டு கிடந்தான். "கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா" என்று தோள்பட்டைத் தோலைத் தூக்கிக் குத்தினார். குழாயைத் திறந்ததும் நனைந்தது அவருடைய முழங்கால்தான். ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்தது. சின்னவன் கத்தவில்லை. திரும்பி அவரைப் பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மனைவிக்கு போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அங்கே மகளுக்கு என்னவோ, இங்கே இவனுக்கு என்னவோ.

வேறு ஊசி மாற்றினார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. தோலுக்கடியில் மெல்ல ஒரு மேடு எழும்பியது. அப்பாடா என்று ஊசியை எடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மேடு சரிந்து இறங்கி முன்னங்கால் வீங்கிவிட்டது. அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"அது தானா வடிஞ்சிடும் சார். நீங்க முதல்ல உக்காருங்க" என்றாள் போனை எடுத்த பெண்.

உட்கார்ந்தார். காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் சின்னவன் தள்ளாடி எழுந்து தட்டில் வாய் வைத்தான். அதே சமயம் மனைவியின் போன்.

"ஏத்திட்டேன்! கால் வீங்கிடுச்சு, ஆனா பயமில்லையாம். இப்ப சாப்பிடறான்!"

"ஏங்க, உங்க பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்க மாட்டீங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. பேத்தி பொறந்திருக்கா. நான் வர ஒரு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ஊசி உங்க பொறுப்பு."

சின்னவன் நாலு வாய் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

"பாத்துக்கறேன், நீ கவலைப்படாத" என்றார். குரல் மட்டும் அவ்வளவு தைரியமாக வரவில்லை.