பாட்டிலுக்குள் பிறந்தது

தொண்ணூற்று நாலாம் வருஷம். ஐப்பசி மழை விட்டதுமே விருத்தாசலத்தில் குளிர்க்காய்ச்சல் புகுந்துவிட்டது. பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் ஆண்டாள், தன் தெருவுக்குச் சுகாதாரத் தொண்டராகப் பேர் கொடுத்திருந்தாள். நர்ஸ் மகேஸ்வரி சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு, "தேங்கின தண்ணியிலதான் கொசு பொறக்குது, கொட்டிடுங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் அதே யூனிட்டில் சூளை பார்க்கும் தேவநாதன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டாள். உள்ளே அவர் மனைவி காசியம்மாள் போர்வைகளுக்கு அடியிலும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில இருக்கறது புழு தங்கச்சி. மீன் குஞ்சாட்டம் நீந்துது. அதுக்கு றெக்க எப்பிடி முளைக்கும்? நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார் தேவநாதன்.

ஆண்டாள் பார்த்ததில்லை. இத்தனை நாள் ஊருக்குச் சொன்னதைத் தானே முழுசாக நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பாத்துட்டு வந்து சொல்றேண்ணே. மொதல்ல அண்ணிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க, ரத்தம் எடுத்துப் பாப்பாங்க."

யூனிட்டுக்குப் பின்னால் விரிசல் விட்ட கப்புகளைக் கொட்டிவைத்திருக்கும் மேடு. ஒரு கப்பில் நின்ற மழைத்தண்ணீரைப் புழுக்களோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினாள். வாயை மெல்லிய துணியால் கட்டித் தன் வேலைப் பலகையில் வைத்தாள்.

"ஆண்டாளு புழு வளக்கறாடி!" என்று கூடவேலை செய்பவர்கள் சிரித்தார்கள்.

புழுக்கள் தடித்தன. பிறகு ஒவ்வொன்றாக, முளைவிட்ட பயறு போலச் சுருண்டு தண்ணீர் மட்டத்தில் தொங்கின. செத்துவிட்டதாக நினைத்துத் தட்டினால் உருண்டு அடிக்குப் போய், திரும்பவும் மேலே வந்தன.

ஒரு மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுருண்டிருந்த ஒன்று மெல்ல நிமிர்ந்தது. ஆண்டாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அதன் முதுகு நூல் பிரிவதுபோலப் பிளந்தது. உள்ளிருந்து வெளிறிய ஓர் உயிர் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு எழும்பியது. மயிரைவிட மெல்லிய கால்களை ஒவ்வொன்றாக உருவி, தான் கழற்றிய தோலையே ஓடமாக்கிக்கொண்டு தண்ணீர்மேல் நின்றது. நனைந்த இறக்கை விரிந்து கண்ணாடிபோல் மின்னியது. ஆண்டாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிள்ளை பெற்ற அன்றைக்குக்கூட இப்படி மலைத்ததில்லை அவள்.

"தேவநாதண்ணன யாராவது கூப்புடுங்களேன்!"

சாம்பல் படிந்த கையோடு ஓடிவந்தார் அவர். அடுத்தது நிமிர்ந்துகொண்டிருந்தது. பலகைக்கு எதிரே முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். அது எழும்பிப் பறந்து துணியில் முட்டியபோது தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

"எம்மாடி... இம்மாம் அழகா வந்து, இதா என் பொண்டாட்டியப் படுக்க வெச்சுது?"

"எதுன்னு தெரியாதுண்ணே. ஆனா எல்லாம் இப்பிடித்தான் பொறக்குது."

எல்லோரும் பின்பக்கம் போனார்கள். நேற்றுவரை வெறும் குப்பையாகத் தெரிந்த மேடு அது. இன்று ஒவ்வொரு கப்பிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. அந்த வானத்துக்குள் என்னவோ நெளிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தொட்டில்கள். முதல் கப்பை ஆண்டாள்தான் கவிழ்த்தாள். பிறகு எல்லோரும் கவிழ்க்க, கலகலவென்று சத்தம் பொழுது சாயும்வரை ஓயவில்லை.

காசியம்மாள் மாத்திரையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் அந்த மழையோடு ஒழிந்துவிடவில்லை. வேறு வீடுகளிலும் படுத்தார்கள். ஆனால் ஆண்டாள் போனால் இப்போது ஜனங்கள் கதவுக்கு வெளியே வந்து கேட்டார்கள்.

ஒரு நாள் காலையில் தேவநாதன் அவள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சொம்பு.

"என் வூட்டுத் தொட்டித் தண்ணி. நானே மொண்டேன். உள்ள பாரு."

ஆண்டாள் குனிந்து பார்த்தாள்.

"கொட்டிடலாண்ணே."

"கொட்டலாம். மொதல்ல அந்த பாட்டில குடு, றெக்க மொளைக்கறத காசியும் ஒரு தடவ பாத்துரட்டும். நம்ப மாட்டேங்குறா."